ஐசியூவில் சொன்ன ‘18 சதவீதம்’ என் மகனுக்குப் பொருந்துமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிறவியிலேயே தசைநலிவு நோய். இரண்டு வருடமாக இரவில் பைபாப் (மூச்சுவிட உதவும் முகமூடிக் கருவி) வைத்துத்தான் தூங்குகிறான். இப்போது நிமோனியாவால் ஐசியூவில் இருக்கிறான். ‘பிம்-3’ கணக்குப்படி உயிராபத்து 18 சதவீதம் என்கிறார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: அவன் வந்தபோது கிடைத்த அளவுகளைப் போன்றே பெற்றிருந்த 100 குழந்தைகளில் சுமார் 18 பேர் ஐசியூவிலேயே இறந்தார்கள், 82 பேர் பிழைத்தார்கள் என்பதுதான் அதன் பொருள். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. 2013-இல் வெளியான பிம்-3 முக்கியமாக ஐசியூக்களின் சிகிச்சைத் தரத்தை ஒப்பிடப் பயன்படுவது. ஒரு குழந்தையின் படுக்கையருகே நின்று முடிவெடுக்க அதை நம்பக்கூடாது என்பது என் கருத்து.

நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளிடம் இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும். டாக்டர் முதலில் பார்த்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும் விவரங்களே அதற்குப் போதும்: ரத்த அழுத்தம், கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, ஆக்சிஜன், ரத்தத்தின் அமில-காரநிலை, வென்டிலேட்டர் என்று சில. வழக்கமான நாளில் இவன் எப்படி இருப்பான் என்று அது கேட்பதே இல்லை. மூச்சுத்தசை பலவீனமான குழந்தையின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மெல்லச் சேரும். அதை ஈடுகட்ட சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளைக் கூட்டி வைத்துக்கொள்ளும். உடல் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனால் ரத்தத்தின் கார அளவு இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும் பிம்-3, அது கூடுதலா (பிளஸ்) குறைவா (மைனஸ்) என்று பார்ப்பதில்லை. ஏற்கெனவே இருந்த பிளஸ் 10 கூட ஆபத்துக் கணக்கில் ஏறிவிடும். முகமூடி வழியாகத் தரும் பைபாப்பும் வென்டிலேட்டர் கணக்கில்தான் வரும், வீட்டில் தினமும் வைப்பதாக இருந்தாலும்.

இதை வைத்து ‘நிஜ ஆபத்து 18-ஐவிடக் குறைவு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. இருமிச் சளியை வெளியேற்றும் வலு, ஊட்டநிலை, போன முறை தேற எத்தனை வாரம் ஆனது என்பதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் தெரியாது. இப்படிப்பட்ட குழந்தைகள் முதல் நாள் ஆபத்தைத் தாண்டியும், நீண்ட ஐசியூ வாசத்தில் வரும் புதுத் தொற்றால் சரிவதுண்டு. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆகவே முதல் நாள் எண்ணைவிட அடுத்த சில நாட்களின் போக்கு முக்கியம். உறுப்புகள் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளன என்று அளக்கும் பெலோட்-2, குழந்தைகளுக்கான சோஃபா போன்ற மதிப்பெண்களைத் திரும்பத் திரும்பக் கணக்கிட முடியும். டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: “நேற்றைவிட இன்று எத்தனை உறுப்புகளுக்குத் துணை தேவைப்படுகிறது? ஆக்சிஜன் தேவை குறைகிறதா?”

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவன் நன்றாக இருக்கும் நாளின் விவரங்களை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: வழக்கமான ஆக்சிஜன் அளவு, கடைசியாக எடுத்த கார்பன் டை ஆக்சைடு அளவு, பைபாப் அழுத்த அமைப்புகள், எடை, முந்தைய அட்மிஷன்கள். பேசச் சிரமப்படுபவன் என்றால் வலியையும் ‘ஆமாம்’ என்பதையும் எப்படிக் காட்டுவான் என்பதும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவனுடைய இயல்பான அசைவின்மையை மயக்கம் என்று நினைத்துவிட இடமுண்டு.

பிழைப்பானா என்பதோடு நிற்காமல், பிழைத்தால் பைபாப் பகலிலும் தேவைப்படுமா, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கும் பேச்சு வருமா என்றும் கேளுங்கள். அந்தப் பேச்சில் ஐசியூ டாக்டரோடு, இத்தனை வருடம் அவனைப் பார்த்துவரும் நரம்பியல் அல்லது நுரையீரல் டாக்டரும் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.