பாலம் கணினியில், தோணி பேனையில்: ஒரே படத்தில் ஒட்டாதது ஏன்?

கேள்வி: நான் மட்டக்களப்பு நகரில் இருக்கிறேன். சின்ன வயதில் இருந்து பேனையால் படம் வரைகிறேன். பழைய கல்லடிப் பாலத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடல் செய்து, பிரிண்ட் எடுத்து, மேலே ட்ரேசிங் பேப்பர் வைத்து வரைந்தேன். வாவியில் நிற்கிற தோணியும் வலை வீசுகிறவரும் முழுக்கக் கைவேலை. சேர்த்துப் பார்த்தால் பாலம் எஞ்சினியர் போட்ட பிளான் மாதிரியும், தோணி வேறு யாரோ வரைந்த மாதிரியும் இருக்கிறது. அடுத்து வடமோடி என்ற நாட்டுக்கூத்தின் ராஜா ஒருவரை, கூடை மாதிரி விரிந்து நிற்கிற கரப்புடுப்போடு வரைய ஆசை. அதற்கும் மாடல் செய்யலாமா, இல்லை இந்த வேலையையே விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம், தங்கச்சி. அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோணி நன்றாக வந்திருக்கிறது. வலை விரியும் இடத்தில் உங்கள் கை தயங்கவே இல்லை. கோளாறு இரண்டு இடத்தில்.

முதலாவது, பார்க்கும் உயரம். பாலத்தின் அடிப்பக்கம் நன்றாகத் தெரிகிறது. அதாவது கரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். ஆனால் தூரத்தில் நிற்கிற தோணியின் உள்ளே இருக்கிற அடிப்பலகை வரை காட்டியிருக்கிறீர்கள். கரையில் நிற்கிறவர் கண்ணுக்கு அவ்வளவு தூரத்துத் தோணி ஒரு மெல்லிய கீற்றாகத்தான் படும். பாலத்தைக் கீழே இருந்தும் தோணியை மேலே இருந்தும் பார்த்திருக்கிறீர்கள். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும்.

இதைச் சரிசெய்வது சுலபம். பிளெண்டருக்குள் இருக்கிற கமெராவைக் கரையில் இருந்து 1.6 மீற்றர் உயரத்தில் வையுங்கள். தோணி இருக்கும் இடத்தில் அதன் நீள அகலத்துக்கு ஒரு வெறும் பெட்டியையும், ஆள் நிற்கும் இடத்தில் 1.65 மீற்றர் உருளை ஒன்றையும் நட்டுவிடுங்கள். பிரிண்டில் அந்தப் பெட்டி எவ்வளவு தட்டையாக விழுகிறதோ அதற்குள் தோணியை வரையுங்கள். இன்னொன்று: முழுப் பாலமும் படத்துக்குள் வரவேண்டும் என்று லென்ஸை 18 மில்லிமீற்றருக்குக் குறைத்திருக்கிறீர்கள் போல, கிட்டிய முனை இழுபட்டு நிற்கிறது. பிளெண்டர் தருகிற 50ஐ அப்படியே விட்டு, கமெராவைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

இரண்டாவது கோளாறுதான் பெரியது, அது கோடு. உங்கள் மாடலில் இருப்பது 1924இல் திறந்த அன்றைய பாலம். நாம் பார்த்து வளர்ந்தது அதற்குப் பிறகு எத்தனையோ மாரியும் உப்புக் காற்றும் கண்ட பாலம். கணினிக்குக் கறள் தெரியாது. ஒரு சட்டத்தைச் செய்து அர்ரே மொடிஃபையரால் (ஒன்றையே பல தடவை படியெடுக்கும் வசதி) வரிசையாக அடுக்கினால், கிட்டத்துச் சட்டமும் தூரத்துச் சட்டமும் ஒரே கூர்மையோடு வந்து நிற்கும். நீங்கள் அதை அடிமட்டம் வைத்து, ஒரே பேனையால் படியெடுத்திருக்கிறீர்கள்.

எனக்கும் இதே வியாதி இருந்தது. ஒருமுறை இரண்டு வாரம் குந்தியிருந்து ஒவ்வொரு ஆணியையும் மாடல் செய்தேன். பிரிண்டில் பார்த்தால், தூரத்துச் சட்டம் முழுவதும் கறுப்புப் பிசின் அப்பின மாதிரி. இப்போது பெட்டிகளும் கம்பங்களும் மட்டும்தான் செய்கிறேன். மிச்சத்துக்குக் கை இருக்கிறது.

அடுத்த தடவை ட்ரேசிங் பேப்பர் வேண்டாம். பிளெண்டரின் லைன் ஆர்ட் மொடிஃபையரால் மாடலின் விளிம்புக் கோடுகளை எடுத்து, வெளிர் நீலத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் படத்தாளிலேயே பிரிண்ட் போடுங்கள். அடிமட்டத்தை லாச்சிக்குள் வைத்துவிட்டு அதன்மேல் கையாலேயே வரையுங்கள். நீண்ட கோட்டை ஒரே இழுவையாக இழுக்காமல் மூன்று நான்கு சென்றிமீற்றராக, இடையில் மயிரிழை இடைவெளி விட்டு. ஒரு சட்டம் இன்னொன்றுக்குப் பின்னால் போகும் இடத்தில், பின்னால் போகிறதை முன்சட்டத்தைத் தொடவிடாமல் ஒரு மில்லிமீற்றர் முன்பே நிறுத்துங்கள். அந்தச் சின்ன வெள்ளைதான் இரண்டுக்கும் நடுவே காற்று இருப்பதாகக் காட்டும். ஆணியும் கறளும் கிட்டத்து ஒன்றிரண்டு சட்டத்தில் மட்டும் போதும். நடுவில் பெரிய கம்பங்கள். கடைசியில் கல்லடிப் பக்கம் போகப் போக நாலைந்து மெல்லிய கீறல், அவ்வளவுதான். காலை வெயில் கடல் பக்கம் இருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு எதிர்ப்பக்க விளிம்பைத் தடித்த பேனையால் அழுத்துங்கள். தோணிக்கும் அதே பக்கம், அதே பேனை.

ஸ்கான் செய்த பிறகு படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சானல்களில் நீலத்தை மட்டும் எடுத்தால் வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும், கறுப்பு மை நிற்கும். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் அதை மல்டிப்ளை லேயராக (வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும் அடுக்கு) வைத்துக் கீழே வர்ணம் போடலாம். தாளிலேயே நீர்வர்ணம் தீட்டுவதென்றால் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டை நம்பாதீர்கள், பல மைகள் தண்ணீர் பட்டதும் கரையும். போட்டோகொப்பி கடையில் லேசரில் எடுங்கள்.

கூத்து ராஜாவுக்கு வருவோம். இங்கே நான் வழியைத் திருப்பிப் போடுவேன். முகம், கை, கால் ஆட்டம் எதையும் மாடல் செய்ய வேண்டாம், அதற்கு உங்கள் கொப்பியில் கீறிய படங்களே போதும். கரப்புடுப்பு மட்டும் மாடலாகட்டும். பெயருக்கு ஏற்ற மாதிரி, கரப்பு என்ற கூடையைக் கவிழ்த்த உருவம். அதில் கையைத் தடுமாற வைப்பது பூவேலை. நடுவில் அகலமாக இருக்கிற பூ, பக்கவாட்டில் வளைந்து போகும்போது ஒடுங்க வேண்டும். நாம் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே அளவில் வரைந்துவிடுவோம், உடுப்பு தட்டையாகிவிடும்.

மேலே ஒடுங்கிய உருளை ஒன்றைச் செய்து, மேல் வட்டத்தையும் அடி வட்டத்தையும் மூடாமல் விட்டு, முதுகுப்பக்கம் ஒரு தையல் குறித்து அன்ராப் செய்தால் (பரப்பை விரித்துத் தட்டையாக்கினால்) விசிறி வடிவம் ஒன்று கிடைக்கும். அதை பிரிண்ட் எடுத்து, பூவேலையைக் கையால் வரைந்து, ஸ்கான் செய்து மாடலில் சுற்றுங்கள். கோட்டைக் கொஞ்சம் தடிப்பாகவே போடுங்கள், மெல்லிய கோடு பக்கவாட்டில் காணாமல் போகும். பிறகு ராஜா திரும்பி நிற்கிற கோணத்துக்கு உடுப்பைத் திருப்பி, மறுபடி வெளிர் நீலத்தில் பிரிண்ட். மடிப்பும் தொங்கலும் பேனையில்.

கைப்படத்தை பிளெண்டருக்குள் கொண்டுபோய் அங்கேயே ரெண்டர் எடுத்தால் (மாடலைப் படமாக்கினால்), வெள்ளைத் தாள் சாம்பலாகவும் வர்ணங்கள் வெளிறியும் வரலாம். ஸ்கானரைத் திட்டாதீர்கள். பிளெண்டர் 4.0 பதிப்பில் இருந்து வியூ ட்ரான்ஸ்ஃபோர்ம் (வர்ணங்களைத் திரைக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு) ஏஜிஎக்ஸ் என்று இருக்கும், 2.80இல் இருந்து அதுவரை ஃபில்மிக். அதை ஸ்டான்டர்ட் என்று மாற்றி, படம் ஒட்டிய பரப்புக்கு எமிஷன் ஷேடர் (வெளிச்சமும் நிழலும் பாதிக்காமல் தானே ஒளிரும் பூச்சு) கொடுத்தால் நீங்கள் தீட்டிய சிவப்பு அதே சிவப்பாக வரும்.

முதலில் தோணியைத் திருத்தி அனுப்புங்கள், ராஜாவைப் பிறகு பார்ப்போம்.