வேலையை விடச் சொல்லும் ரீல்ஸ்

கேள்வி: எனக்கு வயது 25. அந்தேரியில் மூன்று வருடமாக வேலை. ‘30க்குள் வேலையை விடு, சேமிப்பைப் பங்குச் சந்தையில் போடு’ என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் தினமும் சொல்கிறார். விட்டுவிடலாமா அக்கா? – வாசகர், செம்பூர், மும்பை

பதில்: தம்பி, அப்படி விட்டுத் தோற்றவர்கள் பெரும்பாலும் வீடியோ போடுவதில்லை. ஜெயித்தவர் முகம்தான் உங்கள் போனுக்கு வருகிறது. ஒன்றை முழுசாகப் பார்த்தால் அதே மாதிரி இன்னும் பத்து வரும். ஊரே இதைத்தான் சொல்கிறது என்று தோன்றிவிடும். அவருக்கு வருமானம் எங்கிருந்து? பங்குச் சந்தையிலிருந்தா, உங்களுக்கு விற்கும் கோர்ஸிலிருந்தா? காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், செபி இணையதளத்தில் சரிபாருங்கள். அப்புறம், ஐந்து வருடத் தொடர் பணிக்கு முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் பொதுவாக வரி உண்டு. இதை எந்த ரீல்ஸாவது சொன்னதா?

சொந்தத் தொழில் ஆசை நல்ல ஆசை, அதைத் தடுக்க மாட்டேன். தாராவியில் சிறுதொழில் நடத்தும் நம் ஆட்கள் எத்தனையோ பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவரிடம் போய் உட்காருங்கள். முதல் வருடம் வாடகை எப்படிக் கட்டினார் என்று கேளுங்கள். அதுவரை ராஜினாமா கடிதம் வேண்டாம்.