வெயில், வெள்ளம், பெண்கள்: கேட்டதற்குப் பதில்கள்

வேதாரண்யம் பக்கம் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன். காலநிலை மாற்றம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: கிராமத்துப் பெண்களுக்குக் காலநிலை மாற்றம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. வகுப்பு எடுக்கலாமே?

பதில்: அந்தச் சொல் தெரியாது, சரி. உப்பளத்து அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்கள், மாசியிலேயே சித்திரை வெயில் அடிக்குது என்பார். தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்பதும் தெரியும், ஆனால் குடிக்க மாட்டார். காலையில் கொண்டுபோன பாட்டில் மத்தியானமும் நிறைந்தே இருக்கும், ஏனென்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திதான், ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. நீர்க்கடுப்பு வந்தால் வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவார். அவரிடம் ‘நீர் அருந்துங்கள்’ என்று நோட்டீஸ் நீட்டினால் சிரிப்பார், எங்களைப் பார்த்தே சிரித்திருக்கிறார்கள். ஒரு கழிப்பறையும் ஒரு கீற்றுக்கொட்டகையும் போட்டுவிட்டு அப்புறம் வகுப்பெடுங்கள்.

கேள்வி: சென்னை அபார்ட்மென்ட். மழைநீர்த் தொட்டி இருந்தும் போர்வெல் வற்றுகிறது.

பதில்: 2003-லேயே கட்டாயமாக்கினார்கள், கட்டியதோடு சரி. மூடியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? மணலும் ஜல்லியும் சேறு பிடித்து இறுகியிருக்கும், ஐப்பசிக்கு முன் அள்ளிக் கழுவிப் போடுங்கள்.

கேள்வி: என்ன மரம் நடலாம்?

பதில்: இதையே கேட்பது நாலாவது தடவை! கடலோரம் என்றால் பனை, புன்னை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னந்தோப்புகள் படுத்தன, பனை நின்றது. மரக் கேள்விக்கு இனி பதில் கிடையாது.

கேள்வி: உப்பேறிய வயலுக்கு நெல்?

பதில்: குழியடிச்சான். பட்டா யார் பேரில்? வயலில் நிற்பது நீங்கள், பட்டா வீட்டுக்காரர் பேரில் என்றால் பயிர் போனதும் நிவாரணம் அவர் கணக்குக்குத்தான் போகும்.

முதலில் கேட்டவரே மறுபடி: அப்போ நகரத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு அதிகம் என்பது பொய்யா?

பதில்: எந்த நகரத்துப் பெண்? போனில் மழை எச்சரிக்கை பார்ப்பவரா, அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரா? 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வேலைக்கு லேட்டாகப் போனது இரண்டாமவர்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள், சுவர் இன்னும் சுடும். அவருக்கு எந்தச் செயலியைக் காட்டப் போகிறீர்கள்?

இடையில் ஒருவர்: ஆண்களுக்கும் அதே வெயில்தானே?

பதில்: அதே வெயில்தான். நீங்கள் பாத்தி ஓரமாகத் திரும்பி நின்றால் வேலை முடிந்தது.

கேள்வி: வெயிலில் யாராவது இறந்தால் உதவி உண்டா?

பதில்: வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது, குடும்பத்துக்கு 4 லட்சம். காகிதம் கேட்பார்கள். வெள்ளம் வந்தால் நனையாமல் இருக்க ரேஷன் கார்டு, ஆதார், பட்டா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள், டிரங்குப் பெட்டியில் வேண்டாம்.