கேள்வி – பதில்: கருந்துளையும் தாரையும்

கே: கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது என்கிறார்கள். எம்87 விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளையிலிருந்து பொருள் ஒடுங்கிய தாரையாகப் பீறிடுவதாகவும் எழுதுகிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

ப: உள்ளே போனது எதுவும் திரும்புவதில்லை, தாரையாகப் பாய்வது, உள்ளே போகாமல் வெளியிலேயே திருப்பப்பட்ட பொருள். கருந்துளையை நோக்கி இழுபடும் வாயு நேராக விழாமல் வட்டாகச் சுழன்று, உரசிச் சூடேறி, மீள முடியாத எல்லையைத் தாண்டுமுன்பே தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கதிர்வீச்சாகக் கொட்டிவிடுகிறது. உங்கள் பக்கத்துப் பாபநாசத்தில் மின்சாரம் கிடைப்பதும் தண்ணீர் விழுகிற வழியில்தானே! ஹைட்ரஜன் அணுக்கள் இணையும்போது நிறையில் 0.7 சதவீதமே ஆற்றலாகிறது. இவ்வாறு விழும் பொருளிலோ பத்து சதவீத அளவுக்கு ஆற்றலாகக்கூடும். ஆனால் எம்87இன் வட்டு மங்கலானது; அங்கே ஆற்றலின் பெரும்பங்கு தாரையாகவே போகிறது.

அந்தத் தாரையை உந்துவது காந்தப்புலம். சூரியனைப்போல் 650 கோடி மடங்கு நிறையுள்ள அக்கருந்துளை, சுழலும்போது தன்னைச் சூழ்ந்த வெளியையும் சேர்த்து இழுப்பதால், காந்தக் கோடுகள் முறுக்கேறி, பிளாஸ்மாவை (மின்னேற்றமடைந்த வாயுவை) அச்சின் இருபுறமும் ஏறத்தாழ ஒளிவேகத்தில் தள்ளுகின்றன. சுழற்சியிலிருந்தே இப்படி ஆற்றலைக் கறக்க முடியும் என்று 1977இல் வானியற்பியலர்கள் பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் கணக்கிட்டுக் காட்டினார்கள். காந்தப்புலம் வெறும் ஊகமன்று. அதில் சுருண்டோடும் எலெக்ட்ரான்கள் உமிழும் சின்குரோட்ரான் ஒளியின் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்குபட்டிருக்கும். எம்87இன் தாரையில் அந்த ஒழுங்கு 1956இலேயே அளந்தறியப்பட்டது. 2021இல் வெளியான படத்தில், கருந்துளையைச் சூழ்ந்த ஒளிவளையத்திலேயே அதைக் கண்டார்கள்.

கே: அந்தத் தாரை ஒளியைவிட ஆறு மடங்கு வேகமாகச் செல்வதாகப் படித்தேன். உண்மையா?
– ஆசிரியர், பாளையங்கோட்டை

ப: 1999இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை ஒப்பிட்டபோது அப்படித் தோன்றியது உண்மை, வேகம் உண்மையன்று. தாரை ஏறக்குறைய நம்மை நோக்கியே வருவதால், அதிலுள்ள ஒரு முடிச்சு (பிரகாசமான திரள்), தான் முன்பு விட்ட ஒளியைத் தானே துரத்தி வருகிறது. பல ஆண்டு இடைவெளியில் புறப்பட்ட ஒளிகள் நமக்குச் சில மாதங்களிலேயே வந்துசேரலாம். பக்கவாட்டு நகர்வை அந்தக் குறுங்காலத்தால் வகுத்தால் விடை பெருத்துத்தானே வரும்? இப்படித் தோன்றக்கூடும் என்று வானியற்பியலர் மார்ட்டின் ரீஸ் 1966இலேயே சொல்லியிருந்தார்.

கே: நெல்லையிலிருந்து எம்87ஐப் பார்க்கலாமா?
– வாசகர், களக்காடு

ப: தாராளமாக. சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிவாக்கில் அது நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. சிறு தொலைநோக்கியில் மங்கிய பொட்டாகத் தெரியும், தாரை தெரியாது. 1918இல் வானியலர் ஹீபர் கர்ட்டிஸ் அதைக் கண்டதும் புகைப்படத் தகட்டில்தான். எட்டு அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, ஊர் வெளிச்சம் படாத மலையடிவாரத்தில் நெடுநேரம் பதிவுசெய்தால் அந்தக் கீற்று உங்களுக்கும் கிடைக்கலாம்.