காற்றின் கணக்கு – கடிதம்

ஐயா,

சுற்றுச்சூழல் ஆய்வுத் தரவுகளை நாடுகள் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஏழை நாடு கைக்காசைப் போட்டு அளந்து கொடுக்கும்; பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகம் அதை வைத்துக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கும். போகட்டும், தனக்குப் பாதகமான தரவை எந்த அரசாவது வெளியே விடுமா? எல்லாம் மாநாட்டுப் பேச்சாகவே எனக்குத் தோன்றுகிறது.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாதகமான தரவை எந்த அரசும் தானாக வெளியே விடாது. விடவும் வேண்டியதில்லை; அண்டை நாடு அளந்தால் போதும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சி.எஃப்.சி.-11 ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010-க்குள் அதன் உற்பத்தி உலகெங்கும் நின்றிருக்க வேண்டும். நின்றுவிட்டதாகத்தான் நாடுகள் கணக்குக் காட்டின. ஆனால் 2012-க்குப் பிறகு காற்றில் அது குறையும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2018-இல் அறிவித்தார்கள். யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள். கிழக்கு ஆசியாவில் எங்கோ என்பதற்கு மேல் ஹவாயில் எடுத்த அளவுகளை வைத்துச் சொல்ல முடியவில்லை.

விடை தென்கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதெருமா என்ற இரண்டு தீவு நிலையங்களில் இருந்தது. கோசானில் காற்று சீனப் பக்கமிருந்து வரும்போது இந்த வாயுவின் அளவைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறும். காற்றின் திசை மாறினால் இறங்கிவிடும். 2013 முதல் அந்த ஏற்றங்கள் உயர்ந்துகொண்டே போயின. காற்று வந்த வழியைக் கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், பெரும்பாலும் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களில் போய் நின்றது. ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் கூடுதல் உமிழ்வு. உலக அதிகரிப்பில் 40 முதல் 60 சதவீதம். இந்த ஆய்வுக் கட்டுரை 2019-இல் வெளிவந்தது. இதற்கிடையே சீன அரசும் ஆலைகளைச் சோதனையிட்டது. உமிழ்வு வெகுவாகக் குறைந்துவிட்டதை 2021-இல் வந்த ஆய்வுகள் காட்டின.

இதில் ஒரு வேடிக்கை. காற்றைப் பின்னோக்கி ஓட்ட வானிலைத் தரவு வேண்டும். சீன வானிலை நிலையங்கள் நாள்தோறும் உலகத்துக்கு அனுப்பும் அளவீடுகளும் அதில் சேர்த்தி!

வெறும் எண்கள் கைமாறினால் இது நடந்திருக்காது. கொரியக் கருவியும் ஜப்பானியக் கருவியும் சொல்வதை ஒப்பிட வேண்டுமானால், அளவு தெரிந்த வாயு அடைத்த உருளைகளைக் கொண்டு இரண்டையும் முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் செய்யவேண்டிய, அலுப்பூட்டும் வேலை. மேடையில் யாரும் அதைப் பேசுவதில்லை. பகிர்வு என்று நான் சொல்வது முதலில் அதைத்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. உலக வானிலை அமைப்பு 2021-இல் கொண்டுவந்த கொள்கைப்படி, அடிப்படை வானிலைத் தரவுகளை எல்லா நாடுகளும் இலவசமாகத் தர வேண்டும். நிலையத்தை நடத்தவே வழியில்லாத நாடு எதைத் தரும்? அதனால்தான் அதே ஆண்டு ஏழை நாடுகளுக்கும் தீவு நாடுகளுக்கும் தனி நிதியம் ஒன்று அமைத்தார்கள். கருவி வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், தரவு தொடர்ந்து வருவதற்கான செலவையும் ஏற்பது அதன் திட்டம். ஆண்டுதோறும் அதில் பணம் விழுகிறதா என்று பார்க்க வேண்டியது பணக்கார நாடுகளின் பொறுப்பு.

பெயர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. கோசான் கட்டுரையில் கொரியரும் ஜப்பானியரும் ஆசிரியர்களாகவே இருந்தார்கள். எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. அளந்தவரை நன்றியுரையில் ஒரு வரியோடு அனுப்பிவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்காகத் தரவைப் பூட்டிவைக்கச் சொல்லமாட்டேன். கட்டுரையில் இடம், தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி, கணக்கிடக் கணினி வசதி என்று ஏழை நாடுகள் கறாராகப் பேசி வாங்கிக்கொண்டே கொடுக்கலாம்.