ஆக்ஸிஜன் 96 இருந்தும் அப்பாவுக்கு ஏன் மூச்சு இளைக்கிறது?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் பல வருஷம் வேலை பார்த்த அப்பாவுக்கு ஆக்ஸிஜன் 96 காட்டுகிறது, ஆனால் ஊதும் பரிசோதனையில் விகிதம் 0.58, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் நம்பலாம். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை மட்டும் பார்க்கும். மூச்சுக்குழாய் சுருங்கியது அதற்குத் தெரியாது.

0.58 என்றால், முழுசாக ஊதித் தள்ளிய காற்றில் 58 சதவீதம்தான் முதல் நொடியில் வந்தது. குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பிறகும் 0.70க்குக் கீழே நின்றால் மூச்சுக்குழாயில் நாள்பட்ட அடைப்பு என்று சந்தேகிப்பார்கள். அந்த மருந்துக்குப் பின் எடுத்த அளவா இது? ரிப்போர்ட்டில் பாருங்கள்.

நாள்பட்ட அழற்சியில் குழாயின் சுவர் தடிக்கும், சளி கட்டும். ஆரம் பாதியானால் காற்றுக்குத் தடை 2 மடங்கல்ல, கணக்குப்படி 16 மடங்கு! மூச்சை இழுக்கும்போது குழாய் கொஞ்சம் விரியும், விடும்போது சுருங்கும். படியேறும் அவசரத்தில் பழைய காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். உள்ளே காற்று தேங்கி நெஞ்சு உப்பியிருக்க, புதுக் காற்றுக்கு இடம் ஏது? "மூச்சு உள்ளே போகமாட்டேங்குது" என்பார். சிக்கல் பெரும்பாலும் வெளியே விடுவதில்தான்.

உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள், படியில் உதவும். பீடி இருந்தால் அதை நிறுத்தாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. அப்புறம், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் காட்டும்போது இன்ஹேலரை அவர் கையாலேயே டாக்டர் முன் உறிஞ்சச் சொல்லுங்கள். பலர் தப்பாகத்தான் இழுக்கிறார்கள். உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாவிட்டாலோ உடனே 108.