ஓடு இளகும் ஆமைக்கு எந்தக் கல்சியம், எவ்வளவு?

கேள்வி: ஆரையம்பதியில் முட்டைக்கோழி வளர்க்கிறோம். மகளுக்கு வாங்கிய இரண்டு ஆமைகள் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் நிற்கின்றன. இரண்டுக்கும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உண்டு. உலர்ந்த கூனியும் கோழி ஈரலும்தான் சாப்பாடு. சின்னதின் ஓட்டு விளிம்பு அமத்தினால் வளைகிறது, பின்னங்காலை இழுத்து இழுத்துப் போகிறது. கோழிக்கு வைக்கும் சிப்பித்தூளைக் கொடுக்கலாமா ஐயா? வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துவிடச் சொல்கிறார்கள், அது சரியா?

பதில்: சுண்ணாம்பைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அது கடுங்காரம், ஆமையின் கண்ணையும் தோலையும் அவித்துவிடும். அதோடு, தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியத்தால் ஆமைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. வாயால் தின்று குடலால் உறிஞ்சினால்தான் எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேரும். கடைகளில் 'ஆமைக் கல்சியம்' என்று தண்ணீரில் போட விற்கும் வெள்ளைக் கட்டியும், ஆமை கடித்துத் தின்றால் ஒழிய, வீண்காசு.

நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு முதல் காரணம் சாப்பாடு. 100 கிராம் கோழி ஈரலில் பொஸ்பரஸ் சுமார் 300 மில்லிகிராம், கல்சியமோ 10 மில்லிகிராம்கூட இல்லை. ஆமைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பொஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கல்சியம் இரண்டு பங்கு. இரத்தத்தில் கல்சியம் குறையக் குறைய உடம்பு அதை எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் உருவி எடுக்கும். ஓடு வளைவதும் கால் இழுப்பதும் அதனால்தான். கூனியை மட்டும் கொடுத்து வளர்த்தாலும் போதாது.

இரண்டாவது காரணம் வெயில். தின்ற கல்சியம் குடலில் ஏற விற்றமின் டி3 வேண்டும். சூரிய ஒளியில் உள்ள யூவிபி கதிர் தோலில் பட்டால்தான் ஆமை அதைப் போதிய அளவு தானே உண்டாக்கும். யன்னல் கண்ணாடியும் தொட்டிக் கண்ணாடியும் அந்தக் கதிரை மறித்துவிடும். ஆகவே 'தொட்டியில் நல்ல வெளிச்சம் விழுகிறதே' என்று இருந்துவிடாதீர்கள்.

நாளைக் காலையிலிருந்தே வெயில் காட்டத் தொடங்குங்கள். அகலமான பேசினில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஏறிக் காய ஒரு தட்டையான கல் வைத்து, ஒன்பது மணிக்கு முன் அரை மணித்தியாலம் முற்றத்தில் வையுங்கள். பாதிப் பேசின் கட்டாயம் நிழலில் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்தால் தண்ணீர் கொதிநீராகி ஆமை வெந்து சாகும். மேலே வலை போடுங்கள், சின்ன ஆமையைக் காகம் விடாது. மாரியில் நாட்கணக்கில் வெயிலைக் காணாத வேளை யூவிபி பல்புதான் வழி. ஆமை காயும் கல்லுக்கு மேலே, பல்பின் பெட்டியில் சொல்லியிருக்கும் தூரத்தில், நடுவில் கண்ணாடி இல்லாமல் தொங்கவிடுங்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் தீர்ந்துபோகும், வருடத்துக்கு ஒன்றாவது மாற்ற வேண்டும்.

இனிக் கல்சியம். உங்களிடம் இருப்பதே போதும். சிப்பித்தூளும் முட்டைக்கோதும் கல்சியம் காபனேற்றுத்தான். ஆனால் கோழிக்கு இரைப்பையில் அரைக்கிற வசதி உண்டு, ஆமைக்கு இல்லை. அதனால் சிப்பியை அப்படியே கொடுக்காதீர்கள். முட்டைக்கோதைப் பத்து நிமிடம் அவித்து, உள்தோலை உரித்து, காயவைத்து, மாவாக அரைத்து அரித்தெடுங்கள். மாட்டுக்குக் கொடுக்கும் தாதுக்கலவையும் டைகல்சியம் பொஸ்பேற்றும் வேண்டாம். ஏற்கெனவே மிஞ்சி நிற்பது பொஸ்பரஸ்தானே.

தூளைச் சாப்பாட்டின் மேல் தூவினால் தண்ணீரில் பட்டதும் கழுவுப்பட்டுப் போய்விடும். பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். முள்ளோடு அரைத்த நெத்தலி 100 கிராம், நறுக்கிய கங்குன் இலை 50 கிராம், முட்டைக்கோதுத் தூள் கால் தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி கடற்பாசித் தூளை (அகர் அகர்) அரைக் கோப்பைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். ஜெலட்டின் சரிவராது, நம்மூர்த் தண்ணீரின் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். துண்டுகளாக வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, சின்னதுக்குத் தினமும், பெரியதுக்கு ஒன்றுவிட்ட ஒரு நாளும் ஆமைத் தலையளவு துண்டு கொடுங்கள். ஈரலை அடியோடு நிறுத்துங்கள். பசளி, முளைக்கீரை வேண்டாம், அவற்றிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைப் பிடித்து வெளியேற்றிவிடும். கடையில் விற்கும் ஆமைத்தீனும் இடைக்கிடை சேர்க்கலாம்.

இதோடு கணவாய் ஓடு ஒன்று தொட்டியில் மிதக்கட்டும். கல்லடிக் கடற்கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கி, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுத்து, வெயிலில் காயவிடுங்கள். முதுகுப்பக்கத்துக் கடினமான தகட்டைக் கத்தியால் சீவிவிட்டு, பெருவிரலளவு துண்டு போடுங்கள். வேண்டிய நேரம் வந்து கடிக்கும். கடிக்கவில்லை என்று வாயில் திணிக்க வேண்டாம்.

மனிதருக்கான டி3 கலந்த கல்சியக் குளிசையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுக்காதீர்கள். டி3 மிஞ்சினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும். கன்று போட்ட மாட்டுக்கு ஏற்றும் கல்சிய ஊசிமருந்து வீட்டில் இருந்தாலும் கைவைக்க வேண்டாம்.

சின்னதைப் பெரியதிலிருந்து பிரித்து, ஓடு மூழ்கும் அளவுத் தண்ணீரில் மட்டும் விடுங்கள். கால் பலமில்லாத ஆமை ஆழத்தில் மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்துப்போகும். மகள் தூக்கி விளையாடுவதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், இந்த நிலையில் எலும்பு சும்மா முறியும். தொட்ட கையை எப்போதும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், ஆமையில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும்.

ஓடு இறுகக் கிழமைகள் அல்ல, மாதங்கள் ஆகும். கோணிப்போன விளிம்பு கோணலாகவே நிற்கும். ஆனால் கால் இழுப்பது இரண்டு கிழமைக்குள் கொஞ்சமும் குறையவில்லை, கை கால் நடுங்குகிறது, கீழ்த்தாடை இளகியிருக்கிறது, சாப்பிடுவதை விட்டுவிட்டது என்றால் அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஓட்டில் ஒரே ஓர் இடம் மட்டும் மெத்தென்று நாறினால் அது கிருமித் தொற்று, கல்சியத்தால் தீராது.

சிவப்புக் கோடு இருப்பதால் இவை அமெரிக்க இனம். வளர்க்க முடியாமல் போனாலும் வாவியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள், உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துவிடும். அந்த உள்ளூர் ஆமைகளைப் பிடித்து வளர்ப்பதோ சட்டப்படி குற்றம். வயல் வாய்க்காலில் மெத்தென்ற ஓட்டோடு ஓர் ஆமையைக் கண்டால் நோய் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அந்த இனத்துக்கு ஓட்டு விளிம்பு பிறப்பிலேயே அப்படித்தான்.